நாணயம் மாறிய நாள்

அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் அமரும் பெரியவர்களிடையே அடிக்கடி எழும் பேச்சு ஒன்றுண்டு. "அந்தக் காலத்தில் ஒரு பவுன் நூறு ரூபாய்கூட இல்லை. ஐந்து காசுக்கு அஞ்சலட்டை. காலணாவுக்குக் கை நிறையச் சாமான். இன்றைக்கு என்ன இருக்கிறது?" என்று தொடங்கும் அப்பேச்சு, ஒரு பெருமூச்சில் முடியும். கேட்டிருக்கும் இளைஞர்கள், தாங்கள் ஏதோ சுவனத்தின் வாசல் அடைபட்ட பிறகு பிறந்துவிட்டவர்களைப் போல வாய்பிளந்து நிற்பர்.

அப்பெரியவர்கள் பொய்யுரைப்பவர்கள் அல்லர். அவர்கள் கூறும் விலைகள் உண்மையானவையே. ஆயினும் அவர்கள் அளிப்பது பாதிச் சாட்சியம். விலையைச் சொல்லிக் கூலியைச் சொல்லாமல் விடுவது, கொடுத்த கடனை மன்றத்தில் கூறிவிட்டு, வாங்கிய ஈட்டை மறைப்பதற்கு ஒப்பானது. அத்தகைய சாட்சியத்தின் மீது எந்தக் காழியும் தீர்ப்பு எழுதமாட்டார். நாம் மட்டும் அதன்மீது ஒரு பொற்காலத்தையே எழுப்பி வைத்திருக்கிறோம்.

இதனை வெறும் வாய்வாதமாக விடுவதில் பயனில்லை. ஒரே ஒரு நாளை எடுத்துக்கொண்டு கணக்குப் பார்ப்போம். 1957ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள், திங்கட்கிழமை. அணா, பைசா, பை என்னும் கணக்கு மாறி, நூறு நயா பைசா கொண்டது ஒரு ரூபாய் என்னும் புதுக்கணக்கு இந்திய நாட்டில் நடைமுறைக்கு வந்த நாள் அது.

அந்நாளின் செய்திகள்

இரண்டாவது பொதுத்தேர்தலின் ஆரவாரம் அப்போதுதான் அடங்கத் தொடங்கியிருந்தது. சென்னை மாநிலத்தில் காமராசர் தலைமையில் காங்கிரஸ் மீண்டும் வென்றிருந்தது. 1949இல் தோன்றிய திராவிட முன்னேற்றக் கழகம் முதன்முறையாகத் தேர்தல் களம் கண்டிருந்தது. அண்டையிலுள்ள கேரளத்தில் கம்யூனிஸ்டுக் கட்சி வென்று, இ.எம்.எஸ். நம்பூதிரிபாடின் அமைச்சரவை ஏப்ரல் 5ஆம் நாள் பதவியேற்கவிருந்தது. எகிப்தில், முந்தைய ஆண்டுப் போரின்போது மூழ்கடிக்கப்பட்ட கப்பல்களை அகற்றிச் சூயஸ் கால்வாயை மீண்டும் திறக்கும் பணி முடிவை நெருங்கிக்கொண்டிருந்தது. ஹிஜ்ரி 1376ஆம் ஆண்டு ஷஃபான் முடிந்து, உலக முஸ்லிம்கள் ரமலானின் வாசலில் நின்ற நேரமும் அதுவே.

இத்தனை பெருஞ்செய்திகளுக்கிடையே, ஒவ்வொரு வீட்டின் அடுப்படிவரை நடந்துவந்த செய்தி புதுக்காசு ஒன்றுதான். பழைய கணக்கில் ரூபாய்க்கு 16 அணா. அணாவுக்கு 4 பைசா. பைசாவுக்கு 3 பை. ஆக, ரூபாய் ஒன்றுக்கு 64 பைசா, அல்லது 192 பை. 1955இல் இயற்றப்பட்ட திருத்தச் சட்டத்தின்படி அந்த 64 பைசா இருந்த இடத்தில் 100 பைசா வந்து அமர்ந்தது. நாம் காலணா என்று வழங்கிய பழைய பைசாவும், புதிதாக வந்த பைசாவும் பெயரால் ஒன்று, பெறுமானத்தால் வேறு. பழையது ஒன்று, புதியதில் ஒன்றரைக்கும் சற்று மேல். இக்குழப்பத்தைத் தவிர்க்கவே புதிய காசுக்கு 'நயா' என்ற அடைமொழி சேர்க்கப்பட்டது. 1964 ஜூன் முதல் நாள் அரசு அந்த அடைமொழியை நீக்கிவிட்டது. மக்கள் நாவோ நீக்கவில்லை. "ஒரு நயா பைசா தரமாட்டேன்" என்று இன்றும் சினந்து கூறுவாருளர்.

புதுக்காசின் மீது, அது ரூபாயின் நூறிலொரு பங்கு என்ற விளக்கம் இந்தி மொழியில் பொறிக்கப்பட்டிருந்தது. நம் ஊர்த் தாய்மார்களுக்கு அவ்வெழுத்து தெரியாது. ஒரு காசு வட்டம், ஐந்து காசு சதுரம், இரண்டு காசும் பத்துக் காசும் விளிம்பு வளைந்தவை என்று வடிவத்தைத் தடவிப் பார்த்தே அவர்கள் இனங்கண்டனர். மாற்று அட்டவணை அச்சிடப்பட்டதென்னவோ உண்மை. ஆனால் 1951ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி இந்நாட்டில் எழுத்தறிந்தோர் நூற்றுக்குப் பதினெண்மர்; பெண்களை மட்டும் கணக்கிட்டால் நூற்றுக்கு ஒன்பதின்மர். அட்டவணை யாருக்காக அச்சிடப்பட்டதோ, அவர்களில் பெரும்பாலோர்க்கு அதனைப் படிக்க இயலாது.

கணக்கு இடித்த இடம்

இனி அவ்வட்டவணையைத்தான் பார்ப்போமே. நாலணா என்பது 25 காசு. எட்டணா 50. பன்னிரண்டணா 75. இவற்றில் மிச்சமும் இல்லை, குறைவும் இல்லை. கால் ரூபாயும் அதற்கு மேலும் புழங்கியவருக்கு 1957 ஏப்ரல் முதல் நாள் மற்றுமொரு திங்கட்கிழமை, அவ்வளவே.

நாலணாவுக்குக் கீழே இறங்குங்கள். அங்கேதான் கணக்கு இடிக்கிறது. ஓரணாவின் சரியான பெறுமானம் ஆறேகால் காசு. கால் காசுக்கு நாணயம் இல்லை. எனவே அண்மையிலுள்ள முழு எண்ணைக் கொள்ள வேண்டும், சரியாக அரையாக நின்றால் அதனை விட்டுவிட வேண்டும் என்பது விதி. அதன்படி ஓரணாவுக்கு 6 காசு. ஈரணா பன்னிரண்டரை, விதிப்படி 12. மூவணா பதினெட்டே முக்கால், விதிப்படி 19. அரையணா 3. காலணாவோ ஒன்றரைக்குச் சற்று மேல், எனவே 2.

விதியில் வஞ்சகம் இல்லை. ஓரிடத்தில் கூடுவது வேறோரிடத்தில் குறைந்துவிடும் என்பதே அதனை வகுத்தவர்களின் எண்ணம். பேரேட்டில் அது உண்மையும்கூட. ஆனால் ஏழை பேரேட்டில் வாழ்வதில்லை. அவர் காலணாவில் வாழ்ந்தவர். காலணா வாங்கும் ஒவ்வொரு முறையும் கூடியதே அன்றிக் குறைந்ததில்லை.

என் வாப்பா அப்போது பன்னிரண்டு வயதுச் சிறுவர். அவருடைய தாயார் பாய் முடைந்து குடும்பம் நடத்தியவர். அந்த நோன்பு மாதத்தில் கஞ்சிக்கு வேண்டியவற்றை வாங்க மகனைக் கடைக்கு அனுப்புவார். காலணாவுக்கு வெந்தயம், காலணாவுக்கு இஞ்சி, காலணாவுக்குப் பட்டை கிராம்பு, காலணாவுக்கு மல்லி புதினா. கையில் பணம் வரும்போதுதான் வாங்க முடியும் என்பதால், காலையில் ஒன்று, லுஹருக்குப் பின் ஒன்று, சந்தையில் ஒன்று, தெருவில் வரும் கூடைக்காரியிடம் ஒன்று என நான்கும் நான்கு வேளையில், நான்கு இடத்தில் வாங்கப்படும். பழைய காலணாக் காசுகளும் சில காலம் புழங்கின. அவை கையில் இருந்தவரை இடரில்லை. அவை கரையக் கரைய, ஒவ்வொரு காலணாச் சாமானும் இரண்டு காசாயிற்று.

நான்கு காலணா ஓரணா. ஓரணாவாகச் சேர்த்து ஓரிடத்தில் வாங்கினால் 6 காசு. நான்காகப் பிரித்து வாங்கினால் 8 காசு. மிகுதி இரண்டு காசுதானே என்பீர்கள். ஒரு நாளுக்கு இரண்டு காசு. முப்பது நாளுக்கு அறுபது காசு. இந்த அறுபது காசின் எடையை அறிய வேண்டுமானால், பெரியவர்கள் சொல்லாமல் விட்ட மற்றப் பாதிச் சாட்சியத்தை மன்றத்துக்கு அழைக்க வேண்டும்.

சொல்லப்படாத கூலி

இந்திய அரசு நடத்திய இரண்டாவது வேளாண் தொழிலாளர் ஆய்வு 1956-57ஆம் ஆண்டுக்குரியது. நாம் பேசும் நாளும் அவ்வாண்டை ஒட்டியதே. அதன்படி வேளாண் கூலி வேலை செய்த ஆணின் சராசரி நாட்கூலி 96 காசு. பெண்ணின் நாட்கூலி 59 காசு. 1950-51இல் நடந்த முதல் ஆய்வில் இவை முறையே 109 காசும் 68 காசுமாக இருந்தன. அதாவது, பொற்காலம் என்று நாம் போற்றும் அவ்வாண்டுகளில் கூலி உயரவில்லை, இறங்கியது. ஒரு வேளாண் தொழிலாளர் குடும்பம் ஆண்டு முழுதும் உழைத்து ஈட்டியது சராசரியாக 437 ரூபாய். அக்குடும்பங்களுள் நூற்றுக்கு 64 கடனில் மூழ்கியிருந்தன.

இப்போது அந்த அறுபது காசைத் திரும்பப் பாருங்கள். காலணாவை முழுமையாக்கியதால் மட்டும் மாதத்துக்கு 60 காசு போகுமானால், 59 காசு நாட்கூலி பெற்ற பெண்ணொருத்தி மாதத்தில் ஒரு நாளின் உழைப்பை முழுதாக இழந்தாள் என்று பொருள். அவளிடமிருந்து எவரும் திருடவில்லை. சட்டம் மீறப்படவும் இல்லை. நான்கு இடத்தில் நான்கு பேர், சட்டப்படி, ஆளுக்கு அரைக் காசுக்கும் குறைவாக எடுத்துக்கொண்டனர், அவ்வளவே. இதே விதி கூலியின் பக்கம் வரும்போது எவ்வாறு நின்றது என்பதையும் கவனியுங்கள். பத்தணாக் கூலி என்பது அறுபத்திரண்டரைக் காசு. சரியாக அரை நின்றதால் அது விடுபட்டு, கையில் விழுவது 62.

அஞ்சலட்டைக்கு வருவோம். முன்னர் 9 பை விலையுடைய அட்டை, அந்நாளில் 5 காசாயிற்று. இன்றைய காதுக்கு அது இலவசம் போல ஒலிக்கும். 59 காசு கூலியில் 5 காசு என்பது ஏறத்தாழப் பன்னிரண்டில் ஒரு பங்கு. எட்டு மணி நேரம் சேற்றில் குனிந்து நின்றவள், அயலூரிலுள்ள மகளுக்கு "நலம், நலமறிய ஆவல்" என்று எழுத நாற்பது நிமிட உழைப்பைக் கொடுக்க வேண்டும். பவுன் விலையை 75 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் அது ஓர் ஆணின் 78 நாள் கூலி. பெண்ணின் 127 நாள் கூலி. இன்றும் கூலிக்காரருக்குத் தங்கம் எட்டாப் பொருள்தான். அதனை நான் மறுக்கவில்லை. அன்றும் எட்டவில்லை என்பதையே நினைவூட்டுகிறேன். கைக்கெட்டாத ஒன்று மலிவாக இருந்தது என்று சொல்வதால் எவருக்கு என்ன ஆதாயம்?

விலையைப் பற்றிப் பேசுவோர் 'யாருக்கு' என்று கேட்க வேண்டும் என்பதை நமக்குக் கற்பித்தவர் ஒருவர் அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே வாழ்ந்தார். கெய்ரோவின் வரலாற்றாசிரியர் தகியுத்தீன் அல்மக்ரீஸி (1364-1442). அந்நகரின் கடைவீதிகளைக் கண்காணிக்கும் முஹ்தஸிபாகப் பணியாற்றியவர். எகிப்தைப் பஞ்சமும் விலையேற்றமும் வாட்டியபோது, ஹிஜ்ரி 808இல், 'இகாஸத்துல் உம்மா' என்ற நூலை எழுதினார். பதவிகள் விலைக்கு விற்கப்பட்டதும், நிலக்குத்தகை உயர்ந்ததும், செப்புக்காசு மிகுந்து பெருகியதுமே கேட்டுக்குக் காரணம் என்று கூறியதோடு அவர் நின்றுவிடவில்லை. ஆட்சியாளர், பெருவணிகர், சிறுகடையினர், உழவர், மானியம் பெறும் கற்றோர், கைவினைஞரும் கூலிகளும், வறியோர் என மக்களை ஏழு வகையினராகப் பகுத்து, அதே விலையேற்றம் ஒவ்வொரு வகையினரையும் எவ்வாறு தாக்கிற்று எனத் தனித்தனியே எழுதினார். ஒரே சந்தை, ஒரே நாணயம். ஏழு விதமான வாழ்வு. அவர் நூலை மதிக்கும் நாம், "அந்தக் காலத்தில் எல்லாருக்கும் எல்லாம் மலிவு" என்று ஒரே வகையில் அனைவரையும் அடைப்பது எப்படி?

பரக்கத் எங்கே போயிற்று?

இங்கு மற்றொரு சாரார் குறுக்கிடுவர். "புதுக்காசு வந்தது, பரக்கத் போயிற்று" என்பது அவர்கள் கூற்று. இதற்கு மார்க்கச் சாயம் பூசுவாரும் உளர். பாகப்பிரிவினைச் சட்டமாகிய ஃபராயிளில் வரும் பங்குகள் ஆறு: பாதி, கால், அரைக்கால், மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று. பழைய ரூபாயின் 192 பையில் இவ்வாறும் பிசிறின்றிப் பிரியும். பாதி 96, கால் 48, அரைக்கால் 24, மூன்றில் இரண்டு 128, மூன்றில் ஒன்று 64, ஆறில் ஒன்று 32. நூறு காசில் பாதியும் காலும் மட்டுமே பிரியும். மாணவர்களுக்கு ஃபராயிள் நடத்துகையில் இந்த அழகை நானே எடுத்துக்காட்டுவதுண்டு. ஆனால் இதனைக் கொண்டு, பழைய கணக்கே மார்க்கக் கணக்கு என்று முடிவுகட்டுவது அறியாமை. பங்கு விதிக்கப்பட்டது விட்டுச்சென்ற சொத்தில். காசின் வடிவத்தில் அன்று.

ஸகாத்தைப் பாருங்கள். நாற்பதில் ஒரு பங்கு. பத்து ரூபாய்க்குப் பழைய கணக்கில் நாலணா. புதுக்கணக்கில் 25 காசு. இரண்டிலும் பின்னம் இல்லை. கொடுக்க வேண்டிய செல்வரின் கணக்கில் அந்நாள் ஒரு சிறு பிசிறும் விழவில்லை. வாங்கித் தின்ன வேண்டிய ஏழையின் கணக்கில்தான் விழுந்தது. இதனைக் காணாமல் உலோகத்தின் மீது பழி போடுகிறோம்.

பரக்கத் செம்பிலும் நிக்கலிலும் குடியிருந்ததில்லை. அளவையிலும் நிறுவையிலும் குறைப்போரின் பெயரையே தலைப்பாகக் கொண்ட ஓர் அத்தியாயம் திருமறையில் 83ஆவதாக உள்ளது. மத்யன் நகர மக்களிடம் நபி ஷுஐபு (அலை) அவர்கள் வற்புறுத்தியதும் அளவையின் நேர்மையையே. அவர்கள் காலத்து நாணயம் எது என்று எவரும் கேட்பதில்லை. அது வாதத்துக்குத் தேவையுமில்லை. கொடுப்பவர் கை எப்பக்கம் சாய்ந்தது என்பதே கேள்வி. நம் தமிழ் இதனைத் தெளிவாகவே அறிந்திருக்கிறது. காசுக்கும் நாணயம் என்று பெயர். வாக்குத் தவறாத நேர்மைக்கும் நாணயம் என்றே பெயர். 1957இல் முன்னதை மாற்ற அரசுக்குச் சட்டம் போதுமானதாக இருந்தது. பின்னது சட்டத்தால் வருவதும் இல்லை, போவதும் இல்லை.

இன்றைய கதை

இது பழங்கதை அன்று. 25 காசும் அதற்குக் கீழ்ப்பட்ட நாணயங்களும் 2011 ஜூன் 30 முதல் செல்லாதவையாகிவிட்டன. கடைகளில் இன்று ரூபாய்க்குக் கீழே பேச்சே இல்லை. ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் மீதம் தர வேண்டுமென்றால் மிட்டாயை எடுத்து நீட்டுகின்றனர். சென்ற ஆண்டு ஒரு கடையில் எனக்கும் அவ்வாறு இரண்டு மிட்டாய் கிடைத்தன. "அடுத்த முறை நான் இவற்றைக் கொண்டுவந்தால் இரண்டு ரூபாயாக எடுத்துக்கொள்வீர்களா, தம்பி?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். நான் கேட்டது சிரிப்பதற்காக அன்று.

கைபேசி வழியே பணம் செலுத்துவோர்க்குக் காசு காசாகக் கணக்கு நிற்கிறது. அந்த வசதி இல்லாத மூதாட்டிக்கே மிட்டாய். 1957இல் கால் ரூபாய்க்கு மேல் புழங்கியவர் தப்பினார். இன்று கைபேசி வைத்திருப்பவர் தப்புகிறார். மீதச் சில்லறையை நாம் பாக்கி என்கிறோம். அது அரபுச் சொல். எஞ்சி நிற்பது என்று பொருள். கொடுக்கப்படாத பாக்கி எங்கும் மறைந்துவிடுவதில்லை. அது கொடுக்க வேண்டியவர் கணக்கில் எஞ்சியே நிற்கும். கேட்கப்படும் நாள்வரை நிற்கும்.

ஆகவே பெரியவர்களிடம் பணிந்து கேட்பது ஒன்றுதான். பழைய விலைகளைச் சொல்லுங்கள், தடையில்லை. சொல்லும்போது, அன்று உங்கள் வயலில் நாற்று நட்டவளுக்கு என்ன கொடுத்தீர்கள் என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள். கடை வைத்திருக்கும் சகோதரர்களிடம் கேட்பது, பின்னம் விழும் இடத்தில் உங்கள் கை வாங்குபவர் பக்கம் சாயட்டும் என்பது. நட்டம் என்பீர்கள். அந்த நட்டத்தை ஏற்ற ஒருவரைப் பற்றி என் வாப்பா சொல்லியிருக்கிறார்கள்.

அந்த ரமலானில், அவர்கள் தெருவிலிருந்த சிறு மளிகைக் கடைக்காரர், காலணாச் சாமானுக்கு இரண்டு காசு வாங்க மறுத்துவிட்டாராம். கடையின் பலகைக் கதவில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓரிடம் ஒதுக்கி, காலணாவுக்கு ஒரு சுண்ணாம்புக் கோடு இழுப்பார். நான்கு கோடுகள் சேர்ந்த பிறகே ஆறு காசு கேட்பார். சட்டப்படி அவருக்கு எட்டுக் காசு வரவேண்டும். பெருநாள்வரை அக்கதவு முழுதும் வெள்ளைக் கோடுகளாக இருந்தது என்றும், அவர் கடை அதனால் மூடிப்போய்விடவில்லை என்றும் வாப்பா கூறுவார்கள். அந்த நாளின் விலைப்பட்டியலை நம் பிள்ளைகளுக்குச் சொல்வதாயின், அக்கதவிலிருந்து தொடங்கிச் சொல்வோம்.